மாலை நாலு மணி உடம்புக்கு ஒரு கயாக்

(ஹூஸ்டனில் தமிழ் மூத்தோர் கூடிய ஒரு நிகழ்வில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பை அறிவித்ததும் முன்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. நியாயம்தான். முழங்கால் மாற்றியவர்கள், இடுப்பில் பெல்ட் கட்டியவர்கள், சர்க்கரைக்கு ஊசி போடுபவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும் அறையில் மீன்பிடி கயாக் வாங்குவதைப் பற்றி ஒருத்தர் பேச வந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் சிரித்தவர்களில் இரண்டு பேர் போன வாரமே எனக்கு போன் செய்து, "தம்பி, எந்த கம்பெனி நல்லது?" என்று விசாரித்துவிட்டார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

நான் தொழிலால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பக்கவாதம், மூட்டு மாற்று, தோள் அறுவை என்று வருபவர்கள் மறுபடி சட்டை போடவும் சமைக்கவும் கார் ஓட்டவும் பழக்கிவிடுவது என் வேலை. சனி ஞாயிறுகளில் கால்வெஸ்டன் கடற்கரைப் பக்கம் தூண்டிலோடு அலைபவன். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் இந்த மேடை.

"எந்த கம்பெனி" என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எந்த உடம்புக்காக வாங்கப் போகிறீர்கள்? கடைக்கு நாம் காலை பத்து மணிக்குப் போகிறோம். நன்றாகத் தூங்கி எழுந்து, மாத்திரை போட்டு, காபி குடித்துவிட்டுப் போகிற உடம்பு அது. அந்த உடம்புக்குக் கடையிலுள்ள எல்லாப் படகும் பொருந்தும். படகு பொருந்த வேண்டியது மாலை நாலு மணி உடம்புக்கு. வெயிலில் ஆறு மணி நேரம் உட்கார்ந்த முதுகு, விறைத்துப்போன முழங்கால், பசி, போதாக்குறைக்கு எதிர்க்காற்று. டெக்சாஸ் கரையில் வசந்தத்திலும் கோடையிலும் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். காலையில் கண்ணாடியாகக் கிடந்த வளைகுடா மதியத்துக்குப் பிறகு மணிக்கு 15, 20 மைல் காற்றில் கொந்தளிக்கும். அந்த நேரத்தில் கரைக்கு வந்து, இறங்கி, படகை இழுத்து, வண்டியில் ஏற்றி, வீட்டுக்கு ஓட்டிப் போக வேண்டும். நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு கணக்குக்குள் அடங்கும்.

ஆகவே தண்ணீரிலிருந்து தொடங்காமல் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து தொடங்குவோம்.

நண்பர் ஒருவர், 68 வயது, இரண்டு முழங்காலும் மாற்றியவர். கடையில் ஹோபி புரோ ஆங்லர் 14 என்ற படகைப் பார்த்து மயங்கிவிட்டார். மயங்க வேண்டிய படகுதான். பதின்மூன்றரை அடிக்கு மேல் நீளம், 38 அங்குல அகலம், 600 பவுண்டு தாங்கும். சாய்வு நாற்காலி மாதிரி இருக்கை, காலால் மிதிக்கும் பெடல். கூடவே வந்த அவர் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏங்க, வாங்கறது இருக்கட்டும், இத யாரு தூக்கி வண்டியில வெக்கிறது?" அந்தப் படகின் வெறும் ஓடே ஏறத்தாழ 120 பவுண்டு. இருக்கை, பெடல் எல்லாம் பூட்டினால் 140-ஐத் தாண்டும். அந்த அம்மாதான் அன்று சரியான தெரபிஸ்ட்.

தோள்பட்டைத் தசை கிழிந்தவர்களிடம் எப்படி ஆனது என்று விசாரித்தால், துடுப்புப் போடும்போது ஆனதாகச் சொல்பவர்கள் குறைவு. கூரைமேல் படகை ஏற்றும்போது ஆனது என்பார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கி, உடம்பை முறுக்கி, பாரத்தைத் தள்ளுவதைவிட மோசமான அசைவு தோளுக்குக் கிடையாது. வாயு அழுத்தத்தால் பாதி பாரத்தைத் தாங்கிக் கூரைக்கு ஏற்றித் தரும் சட்டங்கள் விற்கின்றன. டூலி நிறுவனத்தின் ஹல்லவேட்டர் அதில் பெயர் பெற்றது. 40 பவுண்டு அளவுக்கு அது சுமக்கும். ஆனால் 75 பவுண்டுக்கு மேற்பட்ட படகை அதில் வைக்கக் கூடாது. மீன்பிடி கயாக்குகளில் பல அந்த வரம்பைத் தாண்டியவை.

அதனால் அகலமும் கனமும் கூடிய படகுதான் வேண்டும் என்று உங்கள் உடம்பு கேட்டால் (சில உடம்புகள் கேட்கும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்) படகின் விலையோடு ஒரு சிறிய டிரெய்லரின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். டிரெய்லரைச் சரிவில் பின்னோக்கி இறக்கினால் படகு தானே மிதக்கும். தூக்கும் வேலையே இல்லை. டிரெய்லருக்கு இடமில்லாத அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, இரண்டு மூன்று துண்டாகக் கழற்றிப் பூட்டும் படகு. மற்றது, காற்றடைக்கும் படகு. இப்போது வரும் காற்றுப் படகுகளின் தளம் பலகை மாதிரி விறைப்பாக நிற்கிறது. ஆனாலும் சிப்பிப் பாறைகள் நிறைந்த நம் வளைகுடாவில் அதை நான் மனமுவந்து சிபாரிசு செய்வதில்லை. ஏரிக்குச் சரி.

அடுத்தது இருக்கை. இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

கயாக்கில் இரண்டு குடும்பம். குழிக்குள் காலை நீட்டி நுழைத்து உட்காருவது ஒன்று. மேல்தளத்தில் அப்படியே உட்காருவது இன்னொன்று. மூட்டு வளையாதவர்கள் முதல் வகையை மறந்துவிடலாம். அதற்குள் போவதும் கஷ்டம், கவிழ்ந்தால் வெளியே வருவது அதைவிடக் கஷ்டம். இரண்டாவது வகையை 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் டிம் நீமியர் என்பவர் உருவாக்கினார். ஓஷன் கயாக் நிறுவனம் அவர் தொடங்கியதுதான். தளத்தில் துளைகள் இருக்கும், ஏறும் தண்ணீர் தானே வடிந்துவிடும். நம் கட்டுமரக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

ஆனால் பழைய பாணிப் படகுகளில் இருக்கை என்பது தளத்திலேயே ஒரு பள்ளம். அதன்மேல் ஒரு மெத்தை. அதில் காலை நீட்டி உட்காரும்போது தொடையின் பின்தசை இழுத்து இடுப்பெலும்பைப் பின்னால் சாய்க்கும், கீழ்முதுகு வளையும். வட்டு பிதுங்கியவருக்கு அரை மணி நேரத்தில் காலில் மின்சாரம் ஓடத் தொடங்கும். இப்போது வரும் அலுமினியச் சட்ட இருக்கை, வலைத்துணி போட்டது, தளத்திலிருந்து உயர்ந்து நிற்கும். முதுகு பிரச்சினை உள்ளவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். வேறு எதில் வேண்டுமானாலும் பிடியுங்கள்.

உயரத்தின் அருமை எழுந்திருக்கும்போது தெரியும். அமெரிக்காவில் பொது இடங்களில் எல்லாரும் பயன்படுத்தக்கூடிய பெஞ்சின் உயரம் 17 முதல் 19 அங்குலம் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஈஸி சேரிலிருந்து எழத் தடுமாறும் தாத்தா சாப்பாட்டு மேசை நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழுந்துவிடுகிறார் அல்லவா, அதற்கான காரணம்தான் அந்த விதியிலும் இருக்கிறது. பெரும்பாலான கயாக் இருக்கைகள் தளத்திலிருந்து அந்த உயரத்துக்கு வருவதில்லை. ஆனால் இதற்குத் தண்ணீரே ஒரு வழி வைத்திருக்கிறது. படகை மணலில் ஏற்றிவிட்டு எழப் பார்க்காதீர்கள், அங்கேதான் இருக்கை ஆகத் தாழ்வு. முழங்கால் ஆழத்தில் நிறுத்துங்கள். இரண்டு காலையும் ஒரே பக்கம் திருப்பி வெளியே போட்டுப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். இப்போது தரைக்கும் இருக்கைக்கும் உள்ள உயரம் முழங்காலைத் தாண்டிவிட்டது. இரு கையாலும் இருக்கையின் சட்டத்தைப் பிடித்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் குனிந்து, எழுந்திருங்கள். படகு பின்னால் நழுவும் என்பதால், இறங்குவதற்கு முன்பே ஒரு நிறுத்துகம்பை அதன் ஓரமாகச் சேற்றில் குத்திக் கயிற்றால் பிணைத்துவிட வேண்டும். கம்பு இல்லாதவர்கள் பின்புறத்தைக் கரையில் முட்டக் கொடுக்கலாம். இடுப்பு மாற்றிய ஒரு பெரியவருக்குப் போன மாதம் இதை வீட்டுச் சோபாவில் வைத்து ஒத்திகை பார்த்துக் கொடுத்தேன். இடுப்பு மாற்றிய தொடக்க மாதங்களில் பலருக்கும் தொடையை 90 பாகைக்கு மேல் மடக்காதே என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அந்தத் தடை நீங்கும்வரை தாழ்ந்த இருக்கைப் பக்கமே போக வேண்டாம்.

"அப்படியானால் இருக்கை எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லதா?" என்று கேட்பீர்கள். உயர்ந்தால் தடுமாறும். உடம்பின் பாரம் மேலே போகப் போகப் படகு ஆடும். அந்த ஆட்டத்தைச் சமாளிக்கத்தான் அகலம். 30 அங்குல அகலத்தில் தாழ உட்கார்ந்தால் போதும். உயர உட்காரவும், எழுந்து நிற்கவும் வேண்டுமென்றால் 36-க்கு மேல் போக வேண்டியிருக்கும். நுகனூ ஃபிரான்டியர் 12 என்ற படகு 41 அங்குல அகலம். அதன் இருக்கை சுழலும். சமநிலை குறைந்தவர்கள், எடை கூடியவர்கள் பலருக்கு அது பொருந்தியிருக்கிறது. இருக்கையை மேலும் கீழும் மாற்றும் வசதி உள்ள படகு கிடைத்தால், ஓட்டும்போது தாழ்வாகவும் இறங்கும்போது உயரமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அகலமும் இலவசம் இல்லை. படகு அகலமானால் தண்ணீரை எட்டத் துடுப்பு நீளமாக வேண்டும். 230 சென்டிமீட்டர் போதுமென்ற இடத்தில் 250, 260 என்று போகும். நீளம் கூடினால் கனம் கூடும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை அதைத் தூக்கிப் போடுவது தோள். முதுகைக் காப்பாற்ற உயரம், உயரத்தைக் காப்பாற்ற அகலம், அகலத்துக்கு நீளத் துடுப்பு. கடைசியில் ரசீது தோளுக்கு வருகிறது! தோள் சரியில்லாதவர் அகலப் படகை எடுத்தால் ஒன்று கார்பன் துடுப்புக்குச் செலவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கையை விட்டுவிட்டுக் காலுக்குப் போக வேண்டும்.

காலுக்குப் போவது என்றால் பெடல். 1997-இல் ஹோபி நிறுவனம் மிராஜ் டிரைவைக் கொண்டுவந்தது. காலால் மாறி மாறித் தள்ளினால் படகின் அடியில் இரண்டு செட்டைகள் குறுக்காக அசைந்து படகை உந்தும். நேட்டிவ், ஓல்ட் டவுன் போன்ற மற்ற நிறுவனங்கள் சைக்கிள் மாதிரிச் சுற்றும் பெடலையும் அடியில் விசிறியையும் வைக்கிறார்கள். பின்னோக்கி மிதித்தால் படகு பின்னோக்கிப் போகும். ஹோபியில் பின்னோக்கிப் போக, பின்னாளில் வந்த 180 வகையில் ஒரு கயிற்றை இழுக்க வேண்டும்.

இரண்டில் எது என்பதை முழங்கால்தான் முடிவு செய்யும். என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பிசியோதெரபி அறையில் நிற்கிற சைக்கிளை முழுச் சுற்று வலியில்லாமல் சுற்ற முடிகிறதா? முடிந்தால் சுற்றும் பெடல் சரி. முழங்கால் அவ்வளவு மடங்காவிட்டால் தள்ளும் பெடல். அதில் குட்டைக் குட்டையாகத் தள்ளினாலும் படகு நகரும். பக்கவாதம் வந்து ஒரு கை பலவீனமானவருக்குப் பெடல் பெரிய வரம், ஏனென்றால் திசையை ஒரு கைப்பிடியே பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சுக்கான் பிடி பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். இடது கை பலவீனமானவர் வாங்கும் முன்பே அதை வலப்பக்கமாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டுவிட வேண்டும்.

பெடல் வாங்கிவிட்டால் துடுப்பே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். ரெட்ஃபிஷ் மேயும் கடற்புல் பரப்பில் தண்ணீர் ஓரடி, ஒன்றரையடிதான். அங்கே செட்டையோ விசிறியோ தரையில் தட்டும். மேலே எடுத்துவிட்டுத் துடுப்பைத்தான் எடுக்க வேண்டும். சில விசிறிப் பெடல்களைக் கரைசேரும்போது முன்னால் குனிந்து அப்படியே தூக்கி வெளியே எடுக்க வேண்டும். முதுகு வலிக்காரருக்கு அது தண்டனை. கீலில் மடக்கி மேலே சாய்க்கும் வகையைப் பாருங்கள்.

மோட்டார்? வைக்கலாம். ஓல்ட் டவுனின் ஆட்டோபைலட் படகுகளில் மின் மோட்டாரே செயற்கைக்கோள் உதவியால் படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும். நங்கூரம் போட்டு இழுக்கும் வேலை மிச்சம். டெக்சாஸில் எவ்வளவு சின்ன மின் மோட்டார் வைத்தாலும் படகைப் பதிவு செய்ய வேண்டும். பேட்டரி விஷயத்தில் மலிவைப் பார்க்காதீர்கள். ஈய பேட்டரி பெருங்கனம், லித்தியம் அதில் ஏறத்தாழ பாதிதான். மோட்டார் நின்றுபோனால் நாலு மணி உடம்பு அந்தப் படகைத் துடுப்பால் கரைக்குக் கொண்டுவருமா? வராது என்றால் மோட்டார் வைத்த அந்தப் படகும் உங்களுக்கு ஆகாது.

இனி நம் ஆட்களுக்கு முக்கியமான ஒன்று. இந்த அறையில் சர்க்கரை உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் தூக்காதவர்களை எண்ணுவது சுலபம். பாத நரம்பு மரத்தவர்களுக்குச் சிப்பி கிழித்தது தெரியாது. வளைகுடாவின் வெதுவெதுப்பான உப்புநீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது. காயத்துக்குள் போனால் மணிக்கணக்கில் பரவும். சர்க்கரை, ஈரல் நோய் உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. ஆகவே ரப்பர் செருப்பில் இறங்கக் கூடாது. தடித்த அடிப்பாகம் உள்ள, கணுக்காலை மூடும் பூட்ஸ் கட்டாயம். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை மீன் விலகிப் போகும். வீட்டுக்கு வந்ததும் இரு பாதத்தையும் கழுவி, கண்ணால் பார்க்க வேண்டும். சின்னக் கீறல் சிவந்து வீங்கினால் விடியட்டும் என்று காத்திராமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். இன்சுலின் போடுபவர்கள் குளுக்கோஸ் மாத்திரையைப் படகின் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், லைஃப் ஜாக்கெட்டின் பையில் வையுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதும். உங்களுக்குப் போதாது, போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதுகுப் பகுதியில் நுரை உயரத்தில் தொடங்கும் வகை, சாய்வு இருக்கையோடு மோதாது. கயிற்றை இழுத்து ஊதும் பெல்ட் வகை விரல் மடங்காதவர்களுக்கு ஆகாது.

கவிழ்வதைப் பற்றி மழுப்பாமல் பேசிவிடுவோம். வாங்கும் முன்பே இடுப்பளவுத் தண்ணீரில், இருவர் கூட நிற்க, வேண்டுமென்றே ஒருமுறை விழுந்து பாருங்கள். மறுபடி ஏற முடிகிறதா? காலை வைத்து ஏற ஒரு வளையக் கயிறு கட்டினால் முடிகிறதா? அதற்கும் முடியாவிட்டால் கயாக் ஆசையை விட வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும். நின்றால் தரை எட்டும் நீர்ப்பரப்புகள் டெக்சாஸ் கரையில் மைல் கணக்கில் கிடக்கின்றன. அரன்சாஸ் பாஸ் அருகே உள்ள லைட்ஹவுஸ் லேக்ஸ் துடுப்புத் தடம் போன்ற இடங்கள். தரை மணலா சேறா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். முழங்கால்வரை புதையும் சேற்றில் பலவீனமான கால் மாட்டிக்கொள்ளும். தனியாகப் போகாதீர்கள். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

முடியாத உடம்போடு படகேறுபவர்களுக்கு வழிகாட்ட ஆட்கள் இருக்கிறார்கள். போரில் காயமடைந்த வீரர்களைக் கயாக்கில் மீன்பிடிக்க அழைத்துப் போகும் 'ஹீரோஸ் ஆன் தி வாட்டர்' அமைப்பு 2007-இல் நம் டெக்சாஸில் தொடங்கியதுதான். வாஷிங்டனில் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் 2004-இல் தொடங்கியது 'டீம் ரிவர் ரன்னர்'. கை கால் இழந்தவர்களை எப்படி உட்கார வைப்பது, எங்கே மெத்தை கொடுப்பது, எப்போது பக்க மிதவை கட்டுவது என்பதெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில் பழகித் தேர்ந்தவை. அமெரிக்கன் கனூ அசோசியேஷன் இதற்கென்றே பயிற்றுநர்களைத் தயார் செய்கிறது. பாராலிம்பிக்ஸில் கனூ போட்டி 2016 ரியோவில் சேர்ந்தது. அதில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர்கள் கையால் மட்டுமே பாய்கிறார்கள். நமக்குப் போட்டி வேண்டாம், ஆனால் அவர்களுக்கு இருக்கை செய்து தருபவர்களின் அறிவு நமக்கும் பயன்படும். சில படகுத்துறைகளில் சக்கர நாற்காலியிலிருந்து படிப்படியாக இறங்கிப் படகுக்குள் போக பெஞ்சும் தலைக்குமேல் பிடிகம்பியும் உருளைகளும் வைத்திருக்கிறார்கள். உங்கள் பகுதிப் பூங்காத் துறைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

தூண்டில் தாங்கி, மீன் காட்டும் கருவி, கேமராக் கம்பம் பற்றியெல்லாம் கேட்பீர்கள். முதல் வருஷம் ஒன்றும் வேண்டாம். இரண்டு தூண்டில், ஒரு பெட்டி, குடிதண்ணீர். படகில் 350 பவுண்டு தாங்கும் என்று எழுதியிருந்தால் 70 சதவீதம், அதாவது 245 பவுண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எடை, பெடல், பேட்டரி, ஐஸ் பெட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இப்போது "எந்த கம்பெனி". கடையில் படகைத் தரையில் போடச் சொல்லி, பூட்ஸோடு ஏறி, இருபது நிமிஷம் அசையாமல் உட்காருங்கள். விற்பனையாளர் நெளிந்தாலும் பரவாயில்லை. பிறகு யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருங்கள். அதில் தேறும் இரண்டு மூன்று படகுகளை வாடகைக்கு எடுத்து, காலையில் வேண்டாம், பிற்பகலில் ஓட்டிப் பாருங்கள். எந்த கம்பெனி என்பது அப்போது தானாகத் தெரிந்துவிடும். புதிதாக வாங்கினால் நல்ல பெடல் படகின் விலை அதிகம் என்பதால் பழையதைத் தேடுபவர்கள் அதிகம். தவறில்லை. பெடல் உட்காரும் குழியைச் சுற்றியும் வடிதுளைகளின் ஓரத்திலும் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெயிலில் கிடந்து நிறம் வெளுத்த பிளாஸ்டிக்கைத் தவிர்த்துவிடுங்கள். இருக்கைச் சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், உங்கள் முழு எடையும் அதன்மேல்தான் எழப்போகிறது. கையில் பணம் கொடுக்கும் முன் ஒருமுறை தண்ணீரில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். போன் செய்த அந்த இரண்டு பேரும் கடைசியில் கேட்கலாம், மற்றவர்களுக்கு முதலில் வாய்ப்பு.